நான் துடைக்காமல் விட்ட தீர்த்தம்

சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு நான் இதுவரை சொல்லாத பாவம் ஒன்று உண்டு. மறைத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். பத்துக் கட்டளைகளில் இது எந்தக் கட்டளையின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை. ஆண்டவருக்கு மரியாதை செய்கிறேன் என்று சொல்லி ஒரு நல்ல இரும்பை நாசம் பண்ணினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தேன். பிட்டர் என்றால் மெசின்களை ஓட வைக்கிறவன். (ஓடாதபோது ஏச்சு வாங்குகிறவனும் அவனேதான்.) தேயிலை விலை விழுந்த காலம் அது. ஒரு நாள் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். வேலையோடு, நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போயிற்று. என் மனைவி திரேசாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் புசல்லாவையில் கடை வைத்திருந்த அவள் அண்ணன் அந்தோணி வீட்டுக்குப் போனார்கள். நான் வேலை தேடிக் கண்டிக்கு வந்தேன்.

அந்தோணி மச்சான் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். நான் கண்டி பஸ் ஏறும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"மாப்ள, கோவத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க. தோட்டம் தோட்டமா அலையிற ஆளு பின்னால தங்கச்சியையும் புள்ளைங்களையும் அனுப்ப என்னால முடியாது. ஒரு எடத்துல உக்காந்து செய்யிற வேலையாப் பாருங்க. பாத்துட்டு வாங்க, நானே மூட்டையத் தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போறேன்."

திரேசா சின்னவளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்.

கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் ஒரு சிறிய வீடு வாடகைக்குக் கிடைத்தது. பின்னால் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. வீடு எனக்குப் பெரிது. நாலு பேருக்கு உலை வைத்துப் பழகிய வீட்டில் இருந்த ஆள் நான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் கிழமை முழுவதும் பழைய சோறு தின்றேன்.

அதைவிட மோசம் செபமாலை. செபமாலையை இரண்டு பக்கமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் முன்பாதி சொன்னால் மற்றவர்கள் பின்பாதி சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் முன்பாதி நான், பின்பாதி திரேசாவும் பிள்ளைகளும். இப்போது பின்பாதிக்கு ஆள் இல்லை. இரண்டையும் நானே சொன்னேன். ஒரே குரலில் சொன்னால் மாதாவுக்கு இது ஒரு ஆள் என்று தெரிந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, பின்பாதியைக் கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். (அடுத்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் காலையில், "ஊர்லேருந்து சம்சாரம் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.)

தேயிலைத் தோட்டங்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று கண்டியில் இருந்தது. அங்கே வேலையாட்களை மேய்க்கும் போர்மன் கந்தையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். பட்டறையில் வேலை கூடினால், வீட்டில் சொந்தமாகக் கடைசல் மெசின் வைத்திருப்பவர்களுக்குச் சின்னச் சின்ன உருப்படிகளைக் கடைந்து தரும்படி வேலை கொடுப்பார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

"வீட்டில மெசின் வச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"வாங்கப் போறேன் ஐயா."

"அப்ப வாங்கிப்போட்டு வாரும்."

அவர் திரும்பித் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நான் தெருவுக்கு வந்தபோது மனசு குதித்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை! (கடைசல் வேலையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். மச்சானிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.)

மெசினுக்கு எங்கே போவது? புதுசை நான் கண்ணால் பார்க்கலாம், வாங்க முடியாது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பழைய தொழிற்சாலையின் சாமான் அறையில், சாக்குகளுக்கு அடியில், காப்பிக் காலத்துக் கடைசல் மெசின் ஒன்று கிடந்தது. மலையில் தேயிலை வருவதற்கு முன்னால், காப்பிக்கொட்டை உரிக்கும் மெசின்களுக்குச் சாமான் கடைவதற்காகச் சீமையிலிருந்து வந்ததாம். காலால் மிதித்து ஓட்டுவது. என் காலத்தில் அதன்மேல் கோழிதான் முட்டையிட்டது.

விசாரித்தேன். பூட்டிய தொழிற்சாலையின் பழைய இரும்பை எல்லாம் தெல்தெனியவில் இரும்புக் கடைக்காரர் மீரான் நானா வாங்கி வைத்திருந்தார். என் பைசிக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால், மழையில், அது குப்புறக் கிடந்தது.

வியாபாரம் என்றால் விற்கிறவர் புகழ்வார், வாங்குகிறவர் குறை சொல்லுவார். எங்கள் வியாபாரம் தலைகீழாக நடந்தது.

"இது ஓடாது தம்பி," என்றார் நானா. "நான் பொய் சொல்ல மாட்டேன். பழைய இரும்பா நிறுத்துப் போடத்தான் வாங்கினேன்."

"ஓட வச்சிரலாம் நானா. உள்ள நல்ல இரும்பு."

"உள்ளயும் துருதான். பாருங்க," என்று சக்கரத்தைத் தள்ளினார். "இந்தச் சில்லு சுத்துதா? இல்ல."

"மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டா சுத்தும்."

"எத்தன வருஷம்?"

"நானா, நீங்க இதோட அருமை தெரியாமப் பேசுறீங்க," என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பைசிக்கிளைப் பார்த்தார். அவர் மருமகனுக்கு ஒரு பைசிக்கிள் தேவையாம். "நல்லா யோசிங்க தம்பி," என்று மூன்று தரம் சொன்னார், பாவம். நான் யோசிக்கவில்லை. ஓடுகிற சாமானைக் கொடுத்து ஓடாத சாமானை வாங்கிக்கொண்டேன்.

மாட்டு வண்டியில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. மழைக்கு மெசினைச் சாக்கால் சுற்றி, மேலே வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்திக் கட்டினேன். வண்டிக்குப் பின்னால், பைசிக்கிளைக் கொடுத்த துக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தேன். தெல்தெனியக் கடைத்தெருவில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றினார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்த ஒருவர் மெல்லக் கேட்டார்:

"யாருங்க, சொந்தமா?"

"மெசினுங்க."

அவர் நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் மகாவலிப் பாலம் வரைக்கும் மூன்று பேர் வண்டிக்கு மரியாதை செய்தார்கள். நான் திருத்தவில்லை. அன்று என்னோடு யாராவது கொஞ்ச தூரம் நடந்தால் நல்லது என்று இருந்தது.

நாலு மாதம் அந்த மெசினோடு குடும்பம் நடத்தினேன். பகலில் டவுனில் கிடைத்த சில்லறை வேலை, வந்ததும் கொட்டில். செங்கல் தூளும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தேன். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, ஊறப்போட்டு, துடைத்து, பழையபடி மாட்டினேன். மெசினில் முக்கியமான இடம் அதன் படுக்கை. தண்டவாளம் மாதிரி நீளமாக இரண்டு இரும்புத் தடம். கடையும் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன வண்டி அதன்மேல்தான் போய்வரும். படுக்கையில் மயிரிழை மேடு பள்ளம் இருந்தால் கடைந்த உருப்படி ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மெலியும். அதனால் அந்தப் படுக்கையைச் சுரண்டி சுரண்டி, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத முகம்.

பேச ஆள் இல்லாததால் மெசினோடு பேசினேன். பேசுவதற்குப் பெயர் வேண்டுமே. கனம் அதிகம், இடத்தை விட்டு அசையாது, எண்ணெய் போட்டால்தான் சிரிக்கும். ஆகவே அந்தோணி என்று பெயர் வைத்தேன். சுண்ணாம்புக் கட்டியால் அதன் பக்கவாட்டில் எழுதியும் வைத்தேன். "என்ன மச்சான், இன்னிக்கு அசைவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வேலை பார்க்கும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

கார்த்திகை மழை முடிகிற சமயத்தில் சில்லு சுற்றியது. மிதிபலகையை மிதித்தால் சத்தமே இல்லாமல் பம்பரம் போல ஓடியது. அன்றைக்கு நான் அழுதேன். பார்க்க யாரும் இல்லை என்பதற்காகவும் கொஞ்சம் அழுதேன்.

போர்மனிடம் ஓடினேன். "படுக்கை கண்ணாடி மாதிரி இருக்கு ஐயா. முகம் பாக்கலாம்."

"முகம் பாக்கிறதுக்கு மெசின் தேவையில்லை," என்றார் கந்தையா. "நான் ஒரு இரும்புத் துண்டு கொண்டு வாறன். என்ர முன்னால கடைஞ்சு காட்டும். ரெண்டு அந்தமும் ஒரே தடிப்பு இருந்தா உமக்குக் கிழமைக்குக் கிழமை வேலை வரும். வாற செவ்வாய் விடிய வாறன்."

அன்றே திரேசாவுக்குக் கடிதம் போட்டேன். இயேசு பிறந்த நத்தார் திருநாளுக்கு நீங்கள் கண்டியில்தான் இருப்பீர்கள், துணிமணிகளைக் கட்டி வையுங்கள் என்று எழுதினேன். (மெசின் இன்னும் பரீட்சைக்கே போகவில்லை.)

நாலு மாதமும் நான் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன்: சுவாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் இந்த மெசினில் ஒரு உருப்படியும் கடைவதில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் பங்குச் சுவாமியார் வர ஒத்துக்கொண்டார். வயசானவர், கை நடுங்கும், கண்ணாடி மூக்கில் நிற்காது. மழைத் தூற்றலில் குடை பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தவர், போர்வையை விலக்கியதும் திடுக்கிட்டார்.

"என்ன சவரிமுத்து, பீரங்கியா?"

"கடைசல் மெசின் சாமி."

"நல்லது. யாரையும் சுடாதே."

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அவர் வருவதற்கு முன்னால், நான் ஒத்திகை போலப் படுக்கைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தேன். நல்ல பிட்டர் எவனும் செய்வதுபோல் மெசின் முழுவதும் எண்ணெய் பூசி வைத்திருந்தேனா, தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. தீர்த்தமும் இப்படித்தானே உருண்டு ஓடும்? ஆசீர்வாதம் முழுவதும் தரைக்குப் போய்விடுமே! உடனே ஒரு டின் மண்ணெண்ணெய் எடுத்து, பழந்துணியால், ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் படுக்கையைத் துடைத்துக் காயவைத்தேன். நாலு மாதம் இரும்பைக் காப்பாற்றிய எண்ணெயை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன்.

சுவாமியார் தண்ணீர் கேட்டார், உப்புக் கேட்டார். தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்பையும் மந்திரித்துத் தண்ணீரில் கலப்பார்கள். அது திருச்சபை வழக்கம். ஒரு சிட்டிகை போதும். நான் கொண்டுவந்து நீட்டியது தேங்காய்ச் சிரட்டை ஒன்று நிறைய. சுவாமியாருக்குக் கண் தெரியாது. கை வேறு நடுங்கியது. சிரட்டை முழுவதும் தண்ணீருக்குள் கவிழ்ந்தது.

ஜெபம் சொல்லித் தெளித்தார். நான் பின்னாலேயே மெழுகுதிரியோடு போனேன்.

"சாமி, இந்த மூலைல விழல."

தெளித்தார்.

"சாமி, வண்டிக்கு அடியில..."

தெளித்தார்.

"சாமி, படுக்கை நடுவுல கொஞ்சம் காஞ்ச மாதிரி..."

"சவரிமுத்து," என்றார் சுவாமியார், "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது இவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்காது." சொல்லிவிட்டு மிச்சத்தையும் ஊற்றினார்.

அவர் போன பிறகு மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி போன்ற இரும்பின்மேல் துளித் துளியாகத் தீர்த்தம் மின்னியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது மாதிரி இருந்தது. கையில் துணி இருந்தது. துடைக்கலாமா என்று ஒரு நொடி கை போனது. தீர்த்தத்தைத் துடைப்பதா? அந்த அழுக்குத் துணியாலா? கையை இழுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? மரியாதைக்கு, திரேசா என்னிடம் கொடுத்துவிட்டிருந்த வெள்ளைப் படுக்கைத் துப்பட்டியை எடுத்து மேலே போர்த்தினேன். மழைக்காலத்தில் துவைத்தது, மூன்று நாளாகியும் சரியாகக் காயாதது.

ஞாயிறு, ஓய்வு நாள், மெசினைத் தொடக்கூடாது. திங்கள், அமலோற்பவ மாதா திருநாள். அதுவும் வேலை செய்யாமல் பூசை காண வேண்டிய கடன் திருநாள், தொடக்கூடாது. இரண்டு நாளும் கொட்டிலின் கதவில் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டுப் போனேன். துப்பட்டியைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. வெளியே தூற்றல் விடவில்லை.

செவ்வாய் விடிய கந்தையா வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். கைப்பையிலிருந்து இரும்புத் துண்டையும் அளவுகோலையும் எடுத்து வைத்தார்.

"எங்க, உம்மட கண்ணாடியைக் காட்டும்."

நான் சிலுவை போட்டுக்கொண்டு, திருவிழாவில் திரை விலக்குவதுபோல் துப்பட்டியை இழுத்தேன்.

துப்பட்டி வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தேன். கிழிந்துகொண்டு வந்தது. அதன் அடிப்பக்கம் முழுவதும் செம்மண் நிறம். படுக்கையில், சுவாமியாரின் ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும், பெரியம்மை போட்ட முகம் மாதிரித் துரு பூத்திருந்தது. நான் "காய்ந்திருக்கிறது" என்று காட்டிக்கொடுத்து மிச்சத்தையும் ஊற்ற வைத்த நடு இடத்தில் ஒரு குளம்.

கந்தையா விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். கத்தி வண்டியைத் தள்ளினார். அது கீச்சென்று இரண்டங்குலம் போய், குளத்தில் மாட்டி நின்றது. பிறகு பின்னாலும் வரவில்லை.

"என்ன காணும் இது?"

நான் கிழிந்த துப்பட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன்.

"நானும் கறள் பிடிச்ச மெசின் கனக்கக் கண்டிருக்கிறன்," என்றார் அவர், துருவைச் சுட்டிக்காட்டி. "இது கறளுக்குள்ள கொஞ்சம் மெசின் கிடக்குது. போன கிழமை முகம் பாக்கலாம் எண்டீர்?"

"போன கிழமை பாக்கலாம் ஐயா. சத்தியமா."

"பிறகு என்ன நடந்தது? ஆராவது தண்ணி ஊத்தினவையோ?"

"சாமியார், ஐயா."

அவர் என்னையே பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பைச் சொன்னேன், மண்ணெண்ணெயைச் சொன்னேன், துப்பட்டியைச் சொன்னேன், மாதா திருநாளையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது.

"துடைக்கேல்லையோ?"

"தீர்த்தம் ஐயா..."

கந்தையா நெற்றியில் திருநீறு பூசுகிறவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. மெல்லச் சொன்னார்: "நாங்களும் ஆயுத பூசைக்கு மெசினுக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை எல்லாம் வைக்கிறனாங்கள். அடுத்த நாள் முதல் வேலை துடைச்சு எண்ணெய் போடுறது. இவ்வளவு காலத்தில சாமி ஒருக்காலும் கோவிச்சதில்லை."

இரும்புத் துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"துடைக்காத ஆளிட்ட வேலை தர ஏலாது தம்பி. குறை நினையாதேயும்."

அவர் போனபின் நான் மெசின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுண்ணாம்பில் எழுதிய "அந்தோணி" மட்டும் பளிச்சென்று இருந்தது. அது ஒன்றில்தான் சுவாமியார் தெளிக்கவில்லை.

மாலையில் சுவாமியாரிடம் போய் முறையிட்டேன். தீர்த்தம் இப்படிச் செய்யுமா சாமி என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் எத்தனை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன். எந்தத் தாயாவது பிள்ளையின் தலையைத் துவட்டாமல் மூன்று நாள் ஈரத் துணியில் சுற்றி வைத்தாளா?"

வீட்டுக்கு வந்து திரேசாவுக்குக் கடிதம் எழுதினேன். நத்தாருக்கு வர முடியாது, துணிமணிகளை அவிழ்த்து வையுங்கள் என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்க்க நினைத்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. உப்புச் சிரட்டை முதல் குளம் வரைக்கும் நாலு பக்கம் ஆகிவிட்டது. அன்று செபமாலையில் பின்பாதியை நான் சொல்லவில்லை. முன்பாதியைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தைச் சும்மா விட்டேன். ஐம்பத்து மூன்று தடவை சும்மா விட்டேன்.

நத்தாருக்கு முந்தின நாள் மத்தியானம், கொட்டிலில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் சத்தம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தேன்.

"அப்பா!" என்று சின்னவள் வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

பின்னால் திரேசா. அவளுக்குப் பின்னால், தலையில் மூட்டையும் கையில் தகரப் பெட்டியுமாக அந்தோணி மச்சான். சொன்ன வாக்குப்படி தானே தூக்கி வந்திருந்தார்.

"வேலை கெடைக்கலியே," என்றேன்.

"அதுதான் நாலு பக்கம் எழுதியிருந்தீங்களே," என்றாள் திரேசா. "அண்ணன் அதக் கடையில வச்சுப் படிச்சாங்க. பருப்பு வாங்க வந்தவங்கல்லாம் பருப்ப மறந்துட்டு நின்னாங்க."

"மாப்ள," என்றார் மச்சான், மூட்டையை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டே, "சிரிச்சு சிரிச்சு, உக்காந்திருந்த கதிரையிலேருந்து விழுந்துட்டேன். அப்புறம் இவ சிரிக்காம நின்னா. 'ஈரத்தத் துடைன்னு சொல்லக்கூட ஆளில்லாம ஒரு மனுஷன் இருக்காரு, அவரு வேலை தேடி முடிக்கட்டும்னு நாம உக்காந்திருக்கோம்'னு ஒரு சத்தம் போட்டா பாருங்க. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

திரேசா மெசினைச் சுற்றிப் பார்த்தாள். தன் துப்பட்டியின் மிச்சத்தையும் பார்த்தாள். (அது அவள் கலியாணத்துக்கு வந்தது. அதைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.)

மச்சானும் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் வந்து நின்றார். "இதென்ன, எம் பேரு எழுதியிருக்கு?"

"அது... கோடியற்புதர் அந்தோணியார் பேரு மச்சான். வேண்டுதல்."

மச்சான் உருகிப்போய் மெசினைத் தொட்டுக் கும்பிட்டார். அந்தப் பொய் எட்டாம் கட்டளையில் வருகிறது. அதை மட்டும் அடுத்த சனிக்கிழமையே தொட்டியில் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை செபமாலைக்கு உட்கார்ந்தோம். நான் முன்பாதி சொன்னேன். சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், பின்பாதிக்காக அந்த மெல்லிய குரலை எடுக்க வாயைத் திறந்தேன். திரேசாவும் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். அவர்கள் முடித்த பிறகும் அடுத்த முன்பாதி எனக்கு வரவில்லை. "சொல்லுங்க," என்றாள் திரேசா மெதுவாக.

தை மாதம் முழுவதும் சுரண்டினேன். ஒரு நாள் திரேசா தானாகவே பட்டறைக்குப் போய், கந்தையாவின் முன்னால் நின்று, "இனிமே துடைக்க நான் இருக்கேன் ஐயா," என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவர் இரும்புத் துண்டோடு மறுபடி வந்தார். நான் மிதித்துக் கடைந்தேன். திரேசா துணியும் எண்ணெய்ப் போத்தலுமாகப் பக்கத்தில் நின்றாள். அளந்து பார்த்தார். ரெண்டு அந்தமும் ஒரே தடிப்பு. போகும்போது என்னைப் பார்க்காமல் திரேசாவைப் பார்த்து, "வேலை எடுக்கத் திங்கட்கிழமை ஆளை அனுப்பிவிடு பிள்ளை," என்றார்.

அந்த மெசின் இன்றும் ஓடுகிறது. மேல் துரு போனாலும் புள்ளிகள் போகவில்லை. விரலால் தடவினால் சிறு சிறு குழியாகத் தட்டுப்படும். எண்ணெய் போட்டால் அந்தக் குழிகளில் கொஞ்சம் தங்கி நிற்கும்.

என் மூத்த மகளின் கலியாணத்தில் சுவாமியார் (இவர் புதியவர், கை நடுங்காதவர்) மணமக்கள்மேல் தீர்த்தம் தெளித்தார். நாலு துளி தப்பி வந்து என் வழுக்கைத் தலையில் விழுந்தது. கோயில் முழுவதும் மௌனம். பின் வரிசையிலிருந்து அந்தோணி மச்சானின் குரல் வந்தது:

"தங்கச்சி, மாப்ளயத் துடைச்சிரு. துருப்பிடிச்சிரப் போகுது."

திரேசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து, அத்தனை சனத்துக்கும் முன்னால், என் தலையை நன்றாகத் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தத் திருநாளானாலும், எந்த ஞானஸ்நானமானாலும், தீர்த்தம் தெளிக்கும் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டுச் சனம் முழுவதும் என் தலையைத்தான் பார்க்கிறது. நானும் குனிந்து கொடுக்கிறேன்.